இருமலும் வீசிங்கும்: சிரப்புக்கு ஓடுறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும், அப்புறம் இன்ஹேலர எப்படி ஒழுங்கா இழுக்கணும்

இருமல் வந்தா முக்கால்வாசி பேர் பண்றது ஒரு சிரப் வாங்கி குடிக்கிறது, அது கேக்கலன்னா வேற சிரப், அதுவும் கேக்கலன்னா போன தடவ மிச்சம் வச்ச ஆன்டிபயாட்டிக். ஒரு மாசம் கழிச்சு டாக்டர் முன்னாடி உக்காந்ததும் அவர் கேக்குற முதல் கேள்வி "எப்ப ஆரம்பிச்சுது, பகல்ல ஜாஸ்தியா ராத்திரில ஜாஸ்தியா" அப்படிம்பாரு, அதுக்கு நம்மகிட்ட பதில் இருக்காது. நான் நுரையீரல் டெஸ்ட் எடுக்குற வேலைல இருக்கேன், தினமும் பாக்குறதுல சொல்றேன், மூச்சு சம்பந்தப்பட்ட பிரச்சனைல பாதி விடை பேஷன்ட் சொல்ற கதையிலயே இருக்கும், மெஷின் வேலை அந்தக் கதை சரிதானான்னு பாக்குறதுதான்.

மத்தத படிக்கிறதுக்கு முன்னாடி அவசரம் எதுன்னு தெரிஞ்சுக்கங்க. ஒரு முழு வாக்கியம் பேச முடியாம நடுவுல நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குறாங்க, உதடோ நாக்கோ நீலமாவோ சாம்பல் கலராவோ ஆகுது, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவுலயும் கழுத்து குழியிலயும் தோல் உள்ள போகுது, ஆள் குழப்பமா பேசுறாங்க இல்ல தூங்கி வழியுறாங்க, இருமல்ல நிறைய ரத்தம் வருது, இதுல எது இருந்தாலும் உடனே எமர்ஜென்சிதான், வீட்ல வச்சு பாத்துட்டு இருக்கக் கூடாது. திடீர்னு மூச்சு முட்டி நெஞ்சு குத்தி, கூடவே ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சுதுன்னா நுரையீரல் ரத்தக் குழாய்ல ரத்தக் கட்டி அடைச்சிருக்கலாம், அதுவும் அதே கேட்டகிரி. இன்னொண்ணு நிறைய பேருக்கு தெரியாது: வீசிங் சத்தம் கேட்டுட்டே இருந்து திடீர்னு சத்தம் நின்னு போச்சு, ஆனா ஆள் இன்னும் சோர்ந்துட்டே போறாங்கன்னா "அப்பாடா குறைஞ்சிடுச்சு"ன்னு நினைக்காதீங்க, சத்தம் வர்ற அளவுக்குக் கூட காத்து போகலன்னு அர்த்தம், ரொம்ப ஆபத்தான கட்டம் அது.

சின்ன குழந்தைங்க எதுவும் சொல்லாது, அதனால மூச்ச எண்ணணும். சட்டைய தூக்கி விட்டுட்டு வயிறும் நெஞ்சும் மேல எழும்புறத பாத்து எண்ணுங்க, கடிகாரத்த பக்கத்துல வச்சு முழுசா ஒரு நிமிஷம், 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குறது வேணாம், ஏன்னா குழந்தை மூச்சு ஒரே சீரா இருக்காது. அழும்போது எண்ணினா கணக்கே தப்பா வரும், தூங்கும்போதோ அமைதியா மடியில இருக்கும்போதோ பாக்கணும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு இதுதான்: 2 மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60ம் அதுக்கு மேலயும், 2 மாசத்துல இருந்து 1 வயசு வரைக்கும் 50ம் மேலயும், 1ல இருந்து 5 வயசு வரைக்கும் 40ம் மேலயும் போனா அது வேகமான மூச்சு. இருமலோட இந்த வேகமும் சேந்தா நிமோனியாவா இருக்கலாம், அன்னைக்கே காட்டணும். கூடவே நெஞ்சு உள்ள இழுக்குது, பால் குடிக்க மாட்டேங்குதுன்னா நேரா ஆஸ்பத்திரிதான்.

விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு பாக்குற ஆக்சிமீட்டர் இப்ப நிறைய வீட்ல கிடக்கு, ஆனா மாட்டின அடுத்த செகண்டே நம்பர பாத்து பயப்படுறவங்கதான் அதிகம். கை ஜில்லுனு இருந்தா தேச்சு சூடு பண்ணிக்கங்க, நெயில் பாலிஷ் இருந்தா எடுத்துடுங்க, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு அப்புறம் மாட்டி, நம்பர் ஒரு இடத்துல நிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணுங்க. 95ம் அதுக்கு மேலயும் நார்மல், 93, 94ன்னு காட்டுச்சுன்னா டாக்டருக்கு போன் பண்ணுங்க, 92ம் அதுக்கு கீழயும்னா கிளம்புங்க. சிஓபிடி, அதாவது மூச்சுக் குழாய் நிரந்தரமா சுருங்கிப் போற நோய், முத்துன சிலருக்கு மட்டும் 88ல இருந்து 92 வரைக்கும்தான் டார்கெட்டே, அவங்களுக்கு ஆக்சிஜன ஏத்தி வச்சா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு சேந்துடும், அதனால அவங்க நம்பர டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கணும். கறுப்பு தோலுக்கு இந்த மெஷின் உண்மைய விட கொஞ்சம் கூட காட்டுறதுண்டு, அதனால நம்பர் நல்லா இருக்கு ஆனா ஆள் நல்லா இல்லன்னா ஆளத்தான் நம்பணும். பூட்டுன ரூம்ல கரி, ஜெனரேட்டர் புகைய சுவாசிச்சவங்களுக்கு இத வச்சு பாக்கவே பாக்காதீங்க, கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தத்தையும் இது நல்ல ரத்தம்னு நினைச்சு 98, 99ன்னு காட்டும்.

சரி, அவசரம் எதுவும் இல்ல, வெறும் இருமல்தான், இழுத்துட்டே போகுது. இங்க முதல்ல பாக்க வேண்டியது நாள் கணக்கு. பெரியவங்களுக்கு 3 வாரத்துக்குள்ளன்னா பெரும்பாலும் வைரஸ், தானா போகும். 3ல இருந்து 8 வாரம்னா வைரஸ் போன பிறகு மூச்சுக் குழாய் இன்னும் எரிச்சலா இருக்குறதா இருக்கலாம், கக்குவான் இருமலும் இந்த லிஸ்ட்ல உண்டு, தொடர்ந்து இருமி இருமி கடைசில வாந்தி வருதுன்னா அத சந்தேகப்படணும். 8 வாரம் தாண்டினா அது நாள்பட்ட இருமல், குழந்தைங்களுக்கு 4 வாரம் தாண்டினாலே அப்படித்தான் எடுத்துக்குவாங்க. இதுல ஒரு விதிவிலக்கு டிபி. அது பரவலா இருக்குற இடத்துல 2 வாரம் தாண்டின எந்த இருமலுக்கும் சளி டெஸ்ட் எடுத்தே ஆகணும், கூடவே சாயங்கால காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறையிறது, பசி இல்லாம போறது இதுல எது இருந்தாலும் ஒரு நாள் கூட தள்ளிப் போடக் கூடாது.

சாதாரண நெஞ்சு சளி இருமல் ரெண்டுல இருந்து மூணு வாரம் வரைக்கும் இருக்கும், இத யாரும் சொல்றதில்ல, அதனாலதான் அஞ்சாம் நாளே "இன்னும் போகலயே"ன்னு ஆன்டிபயாட்டிக்குக்கு போறாங்க. சளி மஞ்சளாவோ பச்சையாவோ இருக்குறதுனால மட்டும் அது பாக்டீரியான்னு ஆயிடாது, வைரஸ எதிர்க்க வர்ற வெள்ளை அணுக்கள்லயே அந்தக் கலர் வரும். குழந்தைகளுக்கு கோடீன் இருக்குற சிரப் கொடுக்கவே கூடாது, மூச்சையே அமுக்கிடும். ஒரு வயசுக்கு மேல இருக்குற குழந்தைக்கு படுக்கப் போறப்ப ஒரு ஸ்பூன் தேன் கொடுத்தா பல சிரப்ப விட நல்லாவே கேக்கும், ஒரு வயசுக்குள்ள மட்டும் தேன் கூடாது, பாட்டுலிசம்னு ஒரு விஷத் தொத்து வர வாய்ப்பு இருக்கு.

அடுத்து ஒரு நோட்டு எடுத்து ஒரு வாரம் எழுதுங்க. எந்த நேரத்துல வருது, என்ன பண்ணா வருது, சளி வருதா வறட்டு இருமலா, கூட என்ன இருக்கு. விடியக்காலம் மூணு நாலு மணிக்கு எழுப்பி விடுதா, சிரிச்சா, ஓடினா, குளிர் காத்து பட்டா, தூசி பட்டா வருதா, ஒரு நாள் இருக்கும் ஒரு நாள் இருக்காதா, அப்ப ஆஸ்துமா பக்கம் பாக்கணும், வீசிங் சத்தமே இல்லாம வெறும் இருமலா மட்டும் வர்ற ஆஸ்துமாவும் உண்டு. பல வருஷம் புகை பிடிச்சவங்க இல்ல விறகு அடுப்பு புகைல காலம் தள்ளினவங்க, தினமும் காலைல சளி, மாடி ஏறினா மூச்சு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கூடுதுன்னா சிஓபிடி. தினமும் கப் கப்பா சளி, அடிக்கடி இன்ஃபெக்‌ஷன்னா பிராங்கியெக்டாசிஸ், அதாவது மூச்சுக் குழாய் விரிஞ்சு போயி சளி தேங்குறது. தொண்டைல எதோ ஒழுகுற மாதிரி இருந்து அடிக்கடி கனைக்கிறவங்களுக்கு வில்லன் மூக்கும் சைனஸும்தான். சாப்பிட்டு படுத்தா இருமல், புளிச்ச ஏப்பம், காலைல குரல் கம்மல்னா வயித்துல இருந்து ஆசிட் மேல வருது. தலகாணி ரெண்டு மூணு வச்சாதான் படுக்க முடியுது, கால் வீங்குதுன்னா நுரையீரல விட்டுட்டு இதயத்த பாக்கணும். லீவு நாள்ல நல்லா இருந்து வேலைக்குப் போனா வருதுன்னா வேலை இடத்துல இருக்குற தூசி, மாவு, பெயின்ட் புகை இதுல ஏதாவது ஒண்ணு.

எல்லாரும் கோட்ட விடுற ஒண்ணு இருக்கு, பிபி மாத்திரை. எனாலப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில்னு "ப்ரில்" முடியிற மாத்திரைங்க சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும், ஆரம்பிச்ச உடனேயும் வரலாம் மாசக் கணக்குல கழிச்சும் வரலாம், தொண்டைல முடி சிக்கின மாதிரி ஒரு அரிப்பு. டாக்டர் வேற மாத்திரைக்கு மாத்தினா பெரும்பாலும் ஒரு மாசத்துக்குள்ள போயிடும். நீங்களா நிறுத்திடாதீங்க, பிபி எகிறிடும். அதே மாதிரி ஆஸ்துமா இருக்குறவங்க சில பேருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபன் மாதிரி வலி மாத்திரை போட்டா வீசிங் வரும், ப்ராப்ரனலால் மாதிரி பீட்டா பிளாக்கர்ங்கிற பிபி, இதய மாத்திரையும் ஆகாது. அதனால டாக்டர்கிட்ட போகும்போது மாத்திரை பேர ஞாபகத்துல இருந்து சொல்லாம அட்டையவே எடுத்துட்டுப் போங்க.

டெஸ்டுக்கு வருவோம். எக்ஸ்ரே நிமோனியா, டிபி, கட்டி, நீர் கோத்தது இதையெல்லாம் காட்டும், ஆனா ஆஸ்துமா இருக்குறவங்களுக்கு எக்ஸ்ரே சுத்தமா நார்மலா வரலாம். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லயாம், அப்புறம் எதுக்கு இன்ஹேலர்"னு கேக்குறவங்க வாரா வாரம் வர்றாங்க. ஆஸ்துமாவுக்கும் சிஓபிடிக்கும் ஸ்பைரோமெட்ரிங்கிற ஊதுற டெஸ்ட்தான், 1846ல ஜான் ஹட்சின்சன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் ஆரம்பிச்சு வச்சது, இப்ப பண்றது இதுதான்: முழுசா இழுத்து, முழு வேகத்துல ஊதி, காத்து தீர்ற வரைக்கும் விடாம ஊதணும். முதல் ஒரு செகண்ட்ல எவ்வளவு வெளிய வந்துச்சு, மொத்தம் எவ்வளவு வந்துச்சு, இந்த ரெண்டோட விகிதம்தான் விஷயம். அப்புறம் மூச்சுக் குழாய விரிக்கிற சால்பியூட்டமால் மருந்து கொடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்ப ஊதச் சொல்வாங்க. மருந்துக்கு அப்புறமும் விகிதம் 0.7க்கு கீழயே நிக்குதுன்னா, புகைப் பழக்கமும் தொந்தரவும் ஒத்துப் போச்சுன்னா சிஓபிடி. அந்த முதல் செகண்ட் அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடிச்சுன்னா ஆஸ்துமாவுக்கு நல்ல ஆதாரம்.

இந்த டெஸ்ட் பாதி மெஷின் பாதி நீங்க. ஊதுறதுல பெரிய தப்பு நடுவுல நிறுத்துறது, ரெண்டு செகண்ட்லயே முடிஞ்சுதுன்னு நினைச்சு வாய எடுத்துடுவாங்க, நாங்க பக்கத்துல நின்னு "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க"ன்னு கத்துறது கோவத்துல இல்ல. இறுக்கமான டிரஸ் வேணாம், வயிறு முட்ட சாப்பிட்டு வராதீங்க, புகை பிடிச்சிட்டு வராதீங்க, இன்ஹேலர எத்தனை மணி நேரம் முன்னாடி நிறுத்தணும்னு முன்னாடியே கேட்டுக்கங்க. இன்னொரு விஷயம், ஆஸ்துமா நல்லா இருக்குற அன்னைக்கு ஊதினா ரிசல்ட் நார்மலா வரும், அதனால ஒரு நார்மல் ரிப்போர்ட்ட வச்சு ஆஸ்துமா இல்லன்னு முடிவு பண்ண முடியாது. அப்பதான் எவ்வளவு வேகமா ஊதுறீங்கன்னு அளக்குற பீக் ஃப்ளோ மீட்டர் கைகொடுக்கும், காலைலயும் ராத்திரியும் மூணு மூணு தடவ ஊதி பெரிய நம்பர மட்டும் ரெண்டு வாரம் எழுதணும். ஒரு நாளைக்குள்ளயே நம்பர் எவ்வளவு ஏறி இறங்குதுன்னு பாப்பாங்க, பெரியவங்களுக்கு சராசரி ஏற்ற இறக்கம் 10 சதவீதத்துக்கு மேல போனா ஆஸ்துமா பக்கம் சாயும்.

சளி டெஸ்டுக்கு பாட்டில் கொடுத்தா பாதி பேர் எச்சில துப்பி கொடுத்துட்டு போயிடுறாங்க. காலைல எழுந்ததும் வாய வெறும் தண்ணில கொப்பளிச்சிட்டு, ரெண்டு மூணு தடவ ஆழமா இழுத்து விட்டுட்டு, நெஞ்சுல இருந்து இருமி வர்ற கெட்டியான சளியதான் எடுக்கணும், திறந்த வெளிலயோ ஜன்னல் பக்கத்துலயோ, மத்தவங்க இல்லாத இடத்துல. ஜீன் எக்ஸ்பெர்ட்னு ஒரு மெஷின் சுமார் 2 மணி நேரத்துல டிபி இருக்கா, ரிஃபாம்பிசின்ங்கிற முக்கியமான டிபி மருந்து கேக்குமா கேக்காதான்னும் சொல்லிடும். மருந்து கேக்குற சாதாரண நுரையீரல் டிபிக்கு வழக்கமான ட்ரீட்மென்ட் 6 மாசம், முதல் 2 மாசம் நாலு மருந்து. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க, அது ரிஃபாம்பிசின் கலர். கண்ணு மஞ்சளானாலோ, வாந்தி நிக்காம இருந்தாலோ, பார்வைல கலர் மங்கினாலோதான் உடனே சொல்லணும். ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடும், அங்கதான் நிறைய பேர் மாத்திரைய விடுறாங்க, கிருமி சாகல, அடங்கி இருக்கு, அப்புறம் திரும்பி வர்றப்ப மருந்து கேக்காத டிபியா வரலாம்.

இப்ப இன்ஹேலர். "அது பழகிடும், கடைசி கட்டத்துக்குத்தான் அது"ன்னு ஒரு பேச்சு ஊர் உலகம் பூரா சுத்துது, தப்பு. மாத்திரைல மில்லிகிராம் கணக்குல போறது இன்ஹேலர்ல மைக்ரோகிராம் கணக்குல, நேரா நுரையீரலுக்கே போகுது, அதனால சைட் எஃபெக்ட்டும் கம்மி. உண்மையான பிரச்சனை வேற: வாங்கிடுறாங்க, ஆனா மருந்து உள்ள போகறதில்ல. எங்க ரூம்ல "எப்படி அடிப்பீங்க, செஞ்சு காட்டுங்க"ன்னு கேட்டா, பஃப் அடிச்சதும் வாய் ஓரத்துல இருந்து வெள்ளையா புகை வரும், அந்தப் புகைதான் மருந்து, அது வெளிய வந்தாச்சுன்னா உள்ள ஒண்ணும் போகல. மிச்சம் பாதி தொண்டைல ஒட்டிக்கும்.

அமுக்குற டைப் இன்ஹேலரா இருந்தா மூடிய கழட்டி உள்ள தூசி எதுவும் இல்லன்னு பாத்துட்டு நல்லா குலுக்குங்க. மூச்ச முழுசா வெளிய விடுங்க, இத முக்கால்வாசி பேர் விட்டுடுறாங்க, ஏற்கனவே காத்து நிறைஞ்ச நுரையீரலுக்குள்ள மருந்து எங்க போகும். வாய்ல வச்சு உதட்ட இறுக்கி மூடி, மெதுவா இழுக்க ஆரம்பிச்ச அதே நேரம் ஒரு தடவ அமுக்கி, நாலஞ்சு செகண்ட் மெதுவா இழுத்துட்டே போங்க. அப்புறம் 10 செகண்ட் மூச்ச பிடிச்சு வைங்க, முடியலன்னா முடிஞ்ச வரைக்கும். ரெண்டாவது பஃப்புக்கு அர நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் விட்டு, திரும்ப குலுக்கி, முதல்ல இருந்து. இந்த டைமிங் வரலன்னா வெக்கப்படாம ஸ்பேசர், அதான் இன்ஹேலர் முனைல மாட்டுற பிளாஸ்டிக் குழாய், வாங்குங்க, என்னைக் கேட்டா எல்லாருமே ஸ்பேசர்தான் போடணும், அமுக்குறதும் இழுக்குறதும் ஒரே நேரத்துல நடக்கணும்னு அவசியம் இல்லாம போயிடும். சின்ன குழந்தைக்கு மாஸ்க் வச்ச ஸ்பேசர், மாஸ்க் முகத்துல இடைவெளி இல்லாம ஒட்டணும். ஸ்பேசர சோப்பு தண்ணில கழுவி துடைக்காம தானா காய விடுங்க, துணியால துடைச்சா உள்ள கரன்ட் மாதிரி ஒரு ஈர்ப்பு வந்து மருந்து சுவத்துலயே ஒட்டிக்கும்.

பவுடர் டைப்னா சில விஷயம் தலகீழ். மருந்து ரெடி பண்ணதுக்கு அப்புறம் குலுக்கக் கூடாது, அதுக்குள்ள மூச்ச விடக் கூடாது, ஈரம் பட்டு பவுடர் கட்டியாயிடும், இழுக்குறது மெதுவா இல்ல, வேகமா ஆழமா. ரெண்டு டைப்பையும் ஒரே ஆளுக்கு எழுதிக் கொடுத்தா கண்டிப்பா மாத்தி மாத்தி பண்ணுவாங்க, அதனால ஒரே டைப்பா கொடுக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஸ்டீராய்டு இருக்குற இன்ஹேலர் அடிச்சதும் வாய கொப்பளிச்சு துப்பணும், இல்லன்னா நாக்குல வெள்ளையா பூஞ்சை வரும், குரல் கம்மும்.

ரிலீவர், ப்ரிவென்டர் ரெண்டும் வேற வேற வேலை. பெரும்பாலும் நீலக் கலர்ல வர்ற சால்பியூட்டமால் குழாய விரிச்சு விடும், நாலு மணி நேரத்துக்கு நிம்மதி, ஆனா உள்ள இருக்குற வீக்கத்த தொடாது. வீக்கத்த குறைக்கிறது ஸ்டீராய்டு இன்ஹேலர். நீலத்துல மட்டும் வருஷக் கணக்கா ஓட்டுறவங்களுக்கு திடீர்னு பெரிய அட்டாக் வர்ற ஆபத்து ஜாஸ்தி, அதனால 2019ல இருந்து ஜினாங்கிற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டியே பெரியவங்களுக்கும் 12 வயசுக்கு மேல இருக்குறவங்களுக்கும் வெறும் ரிலீவர் மட்டும் வேணாம், கூட ஸ்டீராய்டு இன்ஹேலர் இருக்கணும்னு மாத்தி சொல்லிடுச்சு. வருஷத்துக்கு நீல இன்ஹேலர் மூணும் அதுக்கு மேலயும் தீருதுன்னா ஆஸ்துமா உங்க கட்டுப்பாட்டுல இல்ல, டாக்டர பாக்கணும்.

அட்டாக் வந்தா படுக்க வைக்காதீங்க, நிமிர்ந்து உக்கார வைங்க, சட்டை பட்டன தளர்த்துங்க. ஸ்பேசர்ல நீல இன்ஹேலர் ஒரு பஃப், நாலு மூச்சு, இப்படி நாலு பஃப், அப்புறம் நாலு நிமிஷம் பாருங்க, குறையலன்னா திரும்ப நாலு. அப்பவும் குறையலன்னா ஆம்புலன்ஸ், அது வர்ற வரைக்கும் இதையே தொடருங்க. முதல்லயே மோசமா இருந்தா வெயிட் பண்ணாம ஆம்புலன்ஸ கூப்பிட்டுட்டு பஃப் ஆரம்பிங்க. மருந்த புகையாக்கி மாஸ்க் வழியா கொடுக்குற நெபுலைசர் மெஷின்தான் பவர்ஃபுல்னு ஒரு நம்பிக்கை இருக்கு, ரொம்ப சீரியஸா இல்லாத அட்டாக்குக்கு ஸ்பேசரும் அதே அளவுக்கு வேலை செய்யும்.

சிஓபிடிக்கு போன நுரையீரல் திரும்பி வராது, ஆனா இனிமே போற வேகத்த குறைக்கலாம், அதுக்கு முதல் மருந்து புகைய நிறுத்துறதுதான், மனசு மட்டும் போதாது, நிக்கோட்டின் பேட்ச், சூயிங்கம், மாத்திரைன்னு உதவி எடுத்துக்கங்க, வாய்ப்பு கூடும். மூச்சு வாங்கும்போது முன்னாடி குனிஞ்சு ரெண்டு கையையும் முட்டில ஊனி, மூக்கு வழியா இழுத்து, விசில் அடிக்கிற மாதிரி உதட்ட குவிச்சு, இழுத்த நேரத்த விட ரெண்டு மடங்கு நேரம் வெளிய விடுங்க. குழாய் மூடிக்காம உள்ள தேங்கின காத்து வெளிய வரும். மூச்சு வாங்குதேன்னு நடக்காம உக்காந்துட்டா தசை இன்னும் பலவீனமாகி இன்னும் மூச்சு வாங்கும், அதனாலதான் நுரையீரலுக்குன்னே மேற்பார்வையோட உடற்பயிற்சி கொடுக்குறாங்க, கிடைச்சா விட்டுடாதீங்க. ஃப்ளூ ஊசியும் நிமோனியா கிருமிக்கான நியூமோகாக்கல் ஊசியும் கேட்டு போட்டுக்கங்க.

நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக் உண்டு, சொன்ன நாள் வரைக்கும் முழுசா. காய்ச்சல் ரெண்டு மூணு நாள்ல இறங்கணும், இறங்கலன்னா திரும்பப் போகணும். சோர்வு மட்டும் வாரக்கணக்குல இருக்கும், அது சகஜம். 50 வயசு தாண்டினவங்களும் புகை பிடிக்கிறவங்களும் சுமார் 6 வாரம் கழிச்சு எக்ஸ்ரே திரும்ப எடுக்குறது நல்லது, நிமோனியாவுக்கு பின்னாடி கட்டி ஏதாவது ஒளிஞ்சிருந்தா அப்பதான் தெரியும்.

ஆஸ்துமா அடங்கி ரெண்டு மூணு மாசம் ராத்திரி இருமல் இல்லாம, நீல இன்ஹேலர் தேவைப்படாம போச்சுன்னா டோஸ குறைக்கிற பேச்ச டாக்டர்கிட்ட எடுக்கலாம், படிப்படியா குறைப்பாங்க. பயணம், பரீட்சை, சளி சீசன் நேரத்துல அத ஆரம்பிக்காதீங்க, குறைச்ச பிறகு பீக் ஃப்ளோ நோட்ட இன்னும் சில வாரம் எழுதிட்டே இருங்க, நம்பர் இறங்க ஆரம்பிச்சா பழைய டோஸுக்கே திரும்பிடலாம்.